காசு போய்ச் சேர வேண்டிய விலாசம்

எங்கள் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் முதல் லிஃப்ட் ஓட்டுபவர் வரை எல்லோரும் அவரைத் தபாலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், வருகிற கடிதங்களைப் பிரித்து, முத்திரை குத்தி, பிரிவு பிரிவாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தவர். கடிதங்கள் குறைந்து மெயில் வந்த காலத்தில், "தபால் பார்த்த ஆள்தானே, இதையும் பாரு" என்று நிர்வாகம் அதையும் அவர் தலையில் கட்டிவிட்டது. யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. சர்வர் விற்ற கம்பெனிக்காரர் போனில் சொன்னதையெல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டு, தப்புப் பண்ணித் திருத்தி, மறுபடி தப்புப் பண்ணி, கடைசியில் ஐந்நூற்றுச் சொச்சம் பேரின் மெயில் பெட்டிகளை ஒற்றை ஆளாகக் கட்டி மேய்க்கும் அளவுக்கு வந்திருந்தார்.

நான் பதிவேட்டுப் பிரிவு. இருவருக்கும் ஒரே அறை. நடுவில் ஒரு இரும்பு அலமாரி, அதன் மேல் காகிதம் சிக்கிக்கொள்ளும் ஒரு பிரிண்டர். அலமாரிக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தால் அக்காவின் தலையும் மூக்குக்கண்ணாடியும் மட்டும் தெரியும். அவருக்குப் பயந்த சுபாவம் கிடையாது. ஜெனரேட்டர் அறையில் புகை வந்த அன்று நாங்களெல்லாம் வாசலுக்கு ஓட, மெயின் சுவிட்சை அணைக்க உள்ளே போனவர் அவர்தான். அதனால்தான் அந்தத் திங்கட்கிழமை காலை அவர் வெளுத்த முகத்தைப் பார்த்தபோது, வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

"என்னக்கா, உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்ல. ஏசி ஜாஸ்தியா இருக்கு."

ஏசி ஒரு வாரமாக ரிப்பேர். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நடந்ததை அவர் எனக்குச் சொன்னது மறுநாள்தான். காலை ஏழே முக்காலுக்கு அவர் பெட்டியில் ஒரு மெயில் வந்திருந்தது, உடனே திறந்திருக்கிறார். அனுப்பியவர் இடத்தில் அவருடைய சொந்த விலாசமே இருந்தது. அவருக்கு அவரே எழுதிக்கொண்டது போல. தலைப்பில் ஒரே ஒரு சொல். அந்தச் சொல்தான் அவரை உலுக்கிவிட்டது.

அக்காவுக்கு முதலில் ஒரு பெண் குழந்தை பிறந்து, பதினோரு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டது. அந்தக் குழந்தைக்கு வீட்டில் ஒரு செல்லப்பெயர் இருந்தது. அக்காவும் அவர் கணவரும் தவிர அந்தப் பெயர் தெரிந்தவர்கள் யாரும் இன்று உயிரோடு இல்லை. அவர்கள் இருவருமே அதை வாய்விட்டுச் சொல்வதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். ஆனால் அக்கா அதை மறக்கக் கூடாது என்று, அதோடு குழந்தை பிறந்த தேதியைச் சேர்த்துத் தன் பாஸ்வேர்டாக வைத்திருந்தார். தினமும் ஒரு தடவையாவது விரல் அதை எழுதும் இல்லையா, அதற்காக. அந்தச் சொல்தான் முன்பின் தெரியாத ஒருவன் எழுதிய மெயிலின் தலைப்பில் நின்றது.

மெயில் நீளமானது. உன் கம்ப்யூட்டருக்குள் நான் மூன்று மாதமாக இருக்கிறேன், உன் கேமரா வழியாக உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், நீ பார்க்கக் கூடாததைப் பார்த்ததும் செய்யக் கூடாததைச் செய்ததும் வீடியோவாக என்னிடம் இருக்கிறது என்று எழுதியிருந்தான். இந்த மெயிலைத் திறந்த நிமிஷத்திலிருந்து முப்பது மணி நேரம். அதற்குள் கீழே உள்ள வாலட், அதாவது இணையப் பணப்பை விலாசத்துக்குப் பிட்காயின் என்னும் இணையக் காசாகப் பணம் அனுப்பாவிட்டால், உன்னோடு வேலை பார்க்கிறவர்கள், உன் குடும்பத்தார், உனக்குத் தெரிந்த எல்லோருக்கும் வீடியோ போகும். கடைசியில் எழுத்தும் எண்ணுமாக, அர்த்தமில்லாத ஒரு நீளமான வரிசை. அதுதான் அந்த விலாசம்.

"இது ஊரை ஏமாத்தற மெயில்னு எனக்குத் தெரியாதா? இந்த மாதிரி நூறு பார்த்திருக்கேன்" என்றார் என்னிடம். "ஆனா அந்தப் பேரைப் பார்த்தப்புறம் தெரிஞ்சதெல்லாம் தெரியாம போயிடுச்சு. யாரோ என் வீட்டுக்குள்ள வந்து, பீரோவைத் திறந்து, அந்தப் பிள்ளை சட்டையைக் கையில எடுத்துப் பார்த்த மாதிரி இருந்துச்சு."

வீட்டில் அவர் லேப்டாப் படுக்கையறையில், கட்டிலைப் பார்த்தபடி ஒரு ஸ்டூலில் இருக்கும். குளித்துவிட்டு வந்து உடை மாற்றுவது அங்கேதான். கணவரோடு சண்டை போடுவதும் அங்கேதான், கண்ணைத் துடைத்துக்கொள்வதும் அங்கேதான். தப்பாக எதுவும் செய்யாதவரிடமும் பிறர் பார்க்கக் கூடாதது எவ்வளவு இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. மெயிலைப் பார்த்துக்கொள்ளும் ஆளே மெயிலுக்குப் பயந்துவிட்டார் என்று தெரிந்தால் ஆஸ்பத்திரி முழுக்கச் சிரிக்கும். சிரிப்பதோடு விடுமா? "அக்கா எதைப் பார்த்தாங்களாம்?" என்று கேட்காமல் இருக்குமா? பதினோரு மணிவரை அப்படியே உட்கார்ந்திருந்தார். வராந்தாவில் இரண்டு நர்சுகள் ஒரே போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். தன்னைப் பற்றித்தானோ என்று அக்கா தலையைக் குனிந்துகொண்டார். மருந்தகத்து ஆள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "அக்கா, மெயில் பார்த்தீங்களா?" என்று கேட்டார். உயிரே போய்விட்டதாம். அவர் கேட்டது லீவு லெட்டரைப் பற்றி.

பதினோரு மணிக்கு அவருக்கு ஒரு யோசனை வந்தது. அவன் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அனுப்பினால், அது என் சர்வர் வழியாகத்தானே வர வேண்டும்? வாசலில் நிற்பது நான்தானே? வரும் மெயிலில் இன்ன சொல் இருந்தால் உள்ளே விடாமல் ஒரு தனிப் பெட்டியில் பிடித்துவை என்று சர்வரிடம் சொல்ல முடியும். ஆனால் எந்தச் சொல்லை? அனுப்பியவன் பெயரை வைக்கலாமென்றால் அது பொய். அவன் விலாசமும் பொய், அது அக்காவுடையதே. வாசகங்களை அவன் நினைத்தபடி மாற்றி எழுதலாம். அப்போதுதான் அது அவருக்குப் பட்டது. மெயிலில் எல்லாமே பொய்யாக இருக்கலாம், காசு போய்ச் சேர வேண்டிய விலாசம் மட்டும் பொய்யாக இருக்க முடியாது. அதில் ஒரு எழுத்து மாறினாலும் அவனுக்கு ஒன்றும் கிடைக்காது. வீடியோவை அனுப்பும்போதும் காசு கேட்டு அதையும் சேர்த்துத்தான் அனுப்புவான் என்று நினைத்தார்.

அந்த நீண்ட வரிசையை அப்படியே எடுத்துத் தடைப் பட்டியலில் போட்டார். இரண்டு தடவை சரிபார்த்தார். அப்புறம் அந்தத் தனிப் பெட்டியைத் திறந்து பார்க்கவே இல்லை. பார்க்கத் தைரியம் இல்லை. உள்ளே ஏதாவது வந்து விழுந்திருந்தால், அது தன் வீடியோ என்று அவர் மனசில் முடிவாகிவிட்டது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுபோன காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியைக் கேமராவின் மேல் ஒட்டினார். அவர் கணவர் பஸ் மெக்கானிக். கையில் கிரீஸோடு வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டருக்கு எங்க அடிபட்டுச்சு?" என்று கேட்டார். அக்கா சிரிக்க முயன்றார். முடியாமல் அடுப்படிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார்.

செவ்வாய்க்கிழமை அவர் கணக்குப்படி முப்பது மணி நேரம் முடிவது பகல் ஒன்றே முக்காலுக்கு. எனக்கு இது எதுவும் தெரியாது. பன்னிரண்டு மணியிலிருந்து அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும் குனிவதுமாக இருந்ததுதான் தெரியும். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. ஒன்றே முக்கால் ஆனது. பிரிண்டர் ஒரு சத்தம் போட்டுக் காகிதத்தைத் துப்பியது. அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அது யாரோ அடித்த டிஸ்சார்ஜ் சீட்டு. இரண்டு மணிக்கு, "நீ கொஞ்சம் இங்க வந்து பக்கத்துல நில்லு. எதுவும் கேக்காத" என்றார்.

போய் நின்றேன். அவர் அந்தத் தனிப் பெட்டியைத் திறந்தார். அதில் முப்பத்தேழு மெயில்கள் இருந்தன.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். "அனுப்பிட்டான். முப்பத்தேழு பேருக்கு அனுப்பிட்டான்" என்று முணுமுணுத்தார். யார், எதை என்று எனக்குப் புரியவில்லை. நான்தான் மவுஸை வாங்கி முதல் மெயிலைத் திறந்தேன். அது எங்கள் மேனேஜருக்கு வந்தது. தலைப்பில் ஏதோ ஒரு சொல், ஒரு கிரிக்கெட் டீமின் பெயர் மாதிரி. உள்ளே, 'உன் கம்ப்யூட்டருக்குள் நான் மூன்று மாதமாக இருக்கிறேன்.'

அடுத்ததைத் திறந்தேன். அது சமையல்கூடத்து மேற்பார்வையாளருக்கு. தலைப்பில் வேறு சொல், உள்ளே அதே கடிதம், அடியில் அதே விலாசம். மூன்றாவது, நான்காவது, எல்லாமே அப்படித்தான். மயக்க மருந்து டாக்டருக்கு எழுபத்தோரு வயது. அவரும் பார்க்கக் கூடாததைப் பார்த்தாராம். ஏழாவது என்னுடையது. என் பழைய பாஸ்வேர்டைப் பார்த்ததும் எனக்கே உள்ளங்கால் சில்லிட்டது. விஷயம் பாதி தெரிந்து, பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஆள் இருக்கும்போதே அப்படி. அக்கா இதைத் தனியாக முப்பது மணி நேரம் சுமந்திருக்கிறார்.

அக்கா மேஜையில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். அப்புறம்தான் எல்லாவற்றையும் சொன்னார், குழந்தையின் பெயரை மட்டும் சொல்லாமல். நாங்கள் எல்லோரும் வருஷக்கணக்கில் ஏதேதோ தளங்களில், ஆஸ்பத்திரி மெயில் விலாசத்தையும் பாஸ்வேர்டையும் கொடுத்துப் பதிந்திருக்கிறோம். அப்படி ஒரு தளத்தில் யாரோ கொள்ளையடித்த பட்டியல் இவன் கைக்குப் போயிருக்கிறது. அவ்வளவுதான். வீட்டுக்குள் யாரும் வரவில்லை, பீரோவை யாரும் திறக்கவில்லை.

கண்ணைத் துடைத்தவர் திடீரென்று நிமிர்ந்தார். முகத்தில் மறுபடி அதே வெளுப்பு.

"நான் தடை போட்டது பதினோரு மணிக்கு. எனக்கு வந்தது ஏழே முக்கால். நடுவுல யார் யாருக்குப் போச்சு?"

சர்வரின் பதிவைத் தேடினோம். அக்காவைத் தவிர ஐந்து பேர். ஒவ்வொருவராகப் போன் செய்தேன். மருந்தகத்து ஆள் பார்த்ததும் அழித்துவிட்டாராம். இரண்டு டாக்டர்கள் மெயிலே திறக்கவில்லை. கணக்குப் பிரிவு அம்மா, "அதுவா? என் வீட்டுக்காரர் விளையாடறார்னு நினைச்சு அவரைத் திட்டிட்டேன்" என்றார். ஐந்தாவது, எக்ஸ்ரே அண்ணன். போன் சுவிட்ச் ஆஃப்.

எக்ஸ்ரே அண்ணன் எங்களோடு பதினைந்து வருஷமாக இருப்பவர். அதிர்ந்து பேசாத மனிதர். எலும்பு முறிந்து வரும் குழந்தைகளைச் சிரிக்கவைத்துப் படம் எடுப்பார். மகள் வெளியூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். பதிவைப் பார்த்தால், அவர் மெயிலைத் திறந்தது திங்கள் காலை ஒன்பதுக்கு. எக்ஸ்ரே பிரிவில் கேட்டேன். "நேத்து மத்தியானத்துலேர்ந்து ஆளைக் காணோம். லீவும் சொல்லல." அவர் மனைவிக்குப் போன் செய்தேன். பயமுறுத்தக் கூடாது என்று சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"அண்ணி, அண்ணன் வீட்டுல இருக்காரா?"

"காலையிலயே சாப்பாடு எடுத்துட்டு டியூட்டிக்கு வந்துட்டாரே! ஏன், அங்க இல்லையா?"

"இல்ல இல்ல, ஏதாவது வார்டுல இருப்பார், பார்க்கறேன்" என்று வைத்துவிட்டேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

"ஒன்பதோட முப்பது கூட்டினா மூணு மணி" என்றார் அக்கா. கடிகாரத்தில் இரண்டு இருபத்தைந்து.

வாசல் காவலரிடம் ஓடினோம். அண்ணனின் வண்டி ஷெட்டில்தான் நிற்கிறது, வெளியே போகவில்லை என்றார். அப்படியானால் ஆள் கட்டடத்துக்குள்தான் இருக்கிறார். ஐந்து மாடி. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இருவருக்கும் ஒரே இடம்தான் தோன்றியது. லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறினோம். அக்காவுக்கு மூட்டு வலி உண்டு. அன்று அது எங்கே போனதோ. மொட்டைமாடிக் கதவைத் தள்ளும்போது எனக்குக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அங்கே தண்ணீர்த் தொட்டிகளும் காயப்போட்ட படுக்கை விரிப்புகளும்தான். விரிப்புகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தோம். கைப்பிடிச் சுவருக்கு அப்பால் அக்காதான் எட்டிப் பார்த்தார், என்னால் முடியவில்லை. கீழே யாரோ சாவகாசமாகச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அங்கே இல்லை என்றதும் எக்ஸ்ரே பிரிவுக்கே இறங்கினோம். அதன் பின்னால் ஒரு பழைய இருட்டறை இருக்கிறது. பிலிமைக் கழுவிய காலத்தில் கட்டியது. எல்லாம் கம்ப்யூட்டரில் வர ஆரம்பித்த பிறகு அதைப் பூட்டி, பழைய பிலிம் பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள். பூட்டு வெளியில் தொங்க வேண்டும். தொங்கவில்லை. கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

அக்கா மெதுவாகத் தட்டினார். "அண்ணே. நான்தான், தபாலக்கா."

உள்ளே ஏதோ பெட்டி நகரும் சத்தம் மட்டும் கேட்டது. ஆள் உயிரோடு இருக்கிறார்.

"அண்ணே, கதவைத் திறங்க."

"போயிடுங்கம்மா. கொஞ்ச நேரம்தான் இருக்கு. அதுக்கப்புறம் நீங்களே என் முகத்துல முழிக்க மாட்டீங்க."

"மூணு மணிதானே? எனக்கு ஒண்ணே முக்கால் அண்ணே. எனக்கும் அதே மெயில்தான்."

"சும்மா சொல்லாதீங்கம்மா. என் பாஸ்வேர்டு அவன்கிட்ட இருக்கு. நான் யோக்கியன்னு சொல்லிக்க மாட்டேன். போன்ல என்னென்னவோ பார்த்திருக்கேன். அது என் பொண்ணுக்குப் போகும். அவ கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் போகும்."

"எங்கேயும் போகாது. அவன்கிட்ட ஒண்ணும் இல்ல. நாற்பத்துமூணு பேருக்கு ஒரே லெட்டரை அனுப்பியிருக்கான்."

"என்னை வெளிய வரவைக்கச் சொல்றீங்க."

அக்கா போனை எடுத்துத் தனக்கு வந்த மெயிலைத் திறந்தார். கதவில் நெற்றி படும்படி நெருங்கி நின்று, முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். ஒரு வரி, இரண்டு வரி. உள்ளேயிருந்து அண்ணன் அதே வாசகத்தை முணுமுணுப்பது கேட்டது. அவருக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. அக்கா நிறுத்தினார். "இப்ப எனக்கு வந்த பாஸ்வேர்டைச் சொல்றேன், கேளுங்க" என்றார்.

அந்தப் பெயரைச் சொன்னார். அப்புறம் அது யாருடைய பெயர் என்றும் சொன்னார். பக்கத்தில் நின்ற என்னை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தே சொன்னார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை.

தாழ் விலகியது.

அண்ணன் பிலிம் பெட்டிகளின் மேல் மறுபடி போய் உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் தாடி. சாப்பாட்டு டப்பா திறக்காமல் பக்கத்தில் இருந்தது. அந்தப் பிட்காயினை வாங்க முடியுமா என்று இரண்டு செல்போன் கடைகளில் கேட்டாராம். ஒரு கடைக்காரர் தெரியாது என்று கையை விரித்துவிட்டார். இன்னொருவர் அதற்கு ரீசார்ஜ் இருக்கிறதா என்று இவரையே கேட்டார். எங்கே வாங்குவது என்று தெரியாததுதான் அவரைக் காப்பாற்றியது.

"என்ன பண்ணப் போறீங்கன்னு இங்க வந்து உட்கார்ந்தீங்க?" என்று நான் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"தெரியலைம்மா" என்றார். "மூணு மணிக்கு அப்புறம் வெளிய இருக்க முடியாதுன்னு மட்டும்தான் தெரிஞ்சுது."

அவர் எங்களை முழுசாக நம்பவில்லை. அதனால் மூன்று மணிவரை நாங்களும் அங்கேயே உட்கார்ந்தோம். அக்கா அவர் போனை வாங்கி உயிர்கொடுத்து, நடுவில் ஒரு பெட்டியின் மேல் வைத்தார். மூன்று மணி. மூன்று ஐந்து. மூன்று ஏழுக்குப் போன் அதிர்ந்தது. எல்லாம் தெரிந்த அக்கா உட்பட மூன்று பேரும் துள்ளிவிட்டோம். அண்ணியின் மெசேஜ்: 'சாப்பிட்டாச்சா?' அண்ணன் அதைப் படித்துவிட்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அன்று சாயங்காலம் அக்கா தன் கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பாஸ்வேர்டை மாத்திட்டியா?" மாற்றிவிட்டேன் என்றாராம். பிறகு கணவர் அந்தப் பெயரை ஒரு தடவை தானே சொல்லிப் பார்த்தாராம்.

புதன்கிழமை அக்கா மேனேஜரிடம் போய், எல்லோருக்கும் எச்சரிக்கை அனுப்ப வேண்டும் என்றார். "ஆஸ்பத்திரி பேரு கெட்டுடும்மா, பேஷண்டுகளோட விவரமே திருடு போச்சுன்னு கிளப்பிவிடுவாங்க" என்று அவர் இழுத்தார். அக்கா அவருக்கு வந்த மெயிலையே அச்செடுத்து மேஜையில் வைத்தார். தலைப்பைப் பார்த்ததும் மேனேஜரின் காது சிவந்தது. அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார். எச்சரிக்கையில் அக்கா தனக்கு வந்த மெயிலை முழுசாகப் போட்டார், பாஸ்வேர்டை மட்டும் மறைத்து. 'எனக்கும் வந்தது. நான் மிகவும் பயந்தேன். உங்களுக்கு வந்தால் என்னிடம் வாருங்கள்.' அவ்வளவுதான் வாசகம்.

ஆனால் பயம் அத்தோடு முடியவில்லை. அன்று மாலையே அடுத்த அலை வந்தது. அறுபது மெயில்கள், பன்னிரண்டு வேறு வேறு வாலட் விலாசங்கள். அக்கா தடுத்துவைத்த விலாசம் ஒன்றில்கூட இல்லை. எல்லாம் உள்ளே போய்விட்டன. அக்கா சர்வர் கம்பெனிக்காரருக்குப் போன் செய்தார். அவர் சிரித்தார். "விலாசத்தைத் தடுத்து என்ன மேடம் பிரயோஜனம்? அவங்க சட்டையை மாத்தற மாதிரி மாத்துவாங்க. ஒரு பைசா செலவில்லை."

"தெரியுதுங்க. ஆனா மாத்தறதுக்கு முன்னாடி அந்த ஒரு நாள் முப்பத்தேழு பேருக்கு அது போகலையே" என்றார் அக்கா.

அந்த வாரம் முழுக்க அவர் அதே நினைப்பாக இருந்தார். ஒரு விலாசத்தைத் தடுப்பதை விட்டு, அந்த விலாசங்களின் சாயலையே தடுத்தால் என்ன? அவை ஒன்றிலோ மூன்றிலோ தொடங்கும், அல்லது ஒரு குறிப்பிட்ட மூன்றெழுத்தில் தொடங்கும். இத்தனை எழுத்துக்குக் குறையாமல் நீளும். அப்படி எது வந்தாலும் பிடித்துவை என்று விதி எழுதினார். வலை நன்றாக வேலை செய்தது. இரண்டு நாளில் நூறுக்கு மேல் விழுந்தன. அக்கா கொஞ்சம் தூங்கினார்.

மூன்றாம் நாள் அறுவைசிகிச்சை டாக்டர் எங்கள் அறைக்கே வந்து நின்றார். ஒரு பள்ளிக்கூட ஆசிரியைக்கு மார்பில் கட்டி. சதைத் துண்டை வெளி லேபுக்கு அனுப்பி, முடிவு மெயிலில் வர வேண்டும். "நேத்தே அனுப்பிட்டோம்ங்கறான். எனக்கு வரல. நாளைக்கு ஆபரேஷன். எங்க போச்சு?"

அது அக்காவின் பெட்டியில் இருந்தது. லேப் அனுப்பிய இணைப்பில் ஒரு நீளமான குறியீடு, மூன்றில் தொடங்கி, வாலட் விலாசத்தின் சாயலிலேயே. ஒன்றரை நாளாக, மிரட்டல் மெயில்களுக்கு நடுவில் அது படுத்துக் கிடந்திருக்கிறது. டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "இதைத் தேடி நான் வரலைன்னா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். ஆபரேஷன் குறித்த நாளில் நடந்தது, ஆசிரியை நன்றாக இருக்கிறார். ஆனால் அக்கா அதற்குப் பிறகு பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "வந்த மெயிலுக்குப் பயந்தது போதாதுன்னு, இப்ப வராத மெயிலை நினைச்சுப் பயமா இருக்கு" என்றார்.

விதியைத் தளர்த்தினார். வாலட் சாயல் மட்டும் இருந்தால் போதாது. அதோடு கேமரா, வீடியோ, மணி நேரம் மாதிரி சொற்களும் இருக்க வேண்டும், அல்லது உங்களுக்கே நீங்கள் அனுப்பியது போல வந்திருக்க வேண்டும். அப்போதுதான் நிறுத்திவைக்கும். லேபுகளுக்கு விலக்கு. தெரிந்த விலாசங்களின் பட்டியலையும் விடவில்லை. ஏமாந்தவர்கள் புகார் எழுதிவைக்கும் பொதுத் தளம் ஒன்று இருப்பது தெரிந்து, தினம் காலையில் அதிலிருந்தும் எடுத்துச் சேர்ப்பார். முதல் நாள் தனக்கு வந்த விலாசத்தை அங்கே தேடியிருந்தால், அதே கடிதம் வந்த நூற்றுக்கணக்கானவர்களை ஐந்து நிமிஷத்தில் பார்த்திருப்பார். அன்றைக்கு அந்த எழுத்துகளை எங்கேயும் தட்டவே அவருக்குப் பயம். பிடித்துவைத்த பெட்டியை ஒரு நாளைக்கு மூன்று முறை, ஒவ்வொரு மெயிலாகத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் அழிப்பார்.

போன மாதம் ஒரு புது வகை வந்தது. மெயிலில் ஒரு எழுத்துகூட இல்லை; முழுக் கடிதமும் ஒரு படம். விலாசத்துக்குப் பதில், கேமராவைக் காட்டினால் படிக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டம். அக்காவின் எந்த விதிக்கும் அது அகப்படவில்லை. காலை எட்டரைக்குள் எல்லோருக்கும் போய்விட்டது. நான் உள்ளே வரும்போது அக்கா திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"இதை எப்படித் தடுக்கறதுன்னு எனக்குத் தெரியல" என்றார்.

அப்போது கதவைத் தட்டிக்கொண்டு சலவைப் பிரிவு அம்மா வந்தார். கையில் போன். "தபாலக்கா, எனக்கு ஒண்ணு வந்திருக்கு. திறக்கவே பயமா இருக்கு, நீயே பாரு." அவருக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் டிரைவர். அவருக்குப் பின்னால், எங்களோடு அதிகம் பேசாத ஒரு இளம் டாக்டர், போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு. ஒன்பது மணிக்குள் வராந்தாவில் பதினோரு பேர் நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்தான் நின்றார்கள், ஆனாலும் நின்றார்கள்.

அக்கா எழுந்து போய் என் பக்கத்து நாற்காலியையும் இழுத்துத் தன் மேஜைக்கு எதிரில் போட்டார். "ஒவ்வொருத்தரா வாங்க" என்றார். "உட்காருங்க. முதல்ல தண்ணி குடிங்க."